கிடைத்த வேலையும் தேடும் வேலையும்



கல்லூரி முடித்த பிள்ளைகளின் பெற்றோர் நமது அலுவலகத்துக்கு வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை பையனைக் கடைக்கு அனுப்பலாமா? அனுப்பினால் அங்கேயே நின்றுவிடுவானோ?" இரண்டுமே நியாயமான கவலைகள்தான்.

அனுப்பலாம் என்பதே நமது பதில். வீட்டில் வரவில்லாமல் ஓராண்டு போனால் கைமாற்று, நகைக்கடன் என்று சுமை ஏறுகிறது. அந்த நெருக்கடியில்தான் பிள்ளைகள் விசிட் விசாவில் வளைகுடாவுக்குப் போகத் துணிகிறார்கள். முன்பணம் கேட்கும் தரகரையும் நம்புகிறார்கள். அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்தான். அதற்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே தற்காலிக வேலை தாழ்வல்ல. நிதானமாகத் தேடுவதற்கான அவகாசத்தை அதுதான் வாங்கித் தருகிறது.

ஆனால் எந்த வேலை என்பதைப் பார்த்துச் சேர வேண்டும். முடிந்தவரை படிப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பி.காம். படித்தவர் மொத்த வியாபாரக் கடையில் டேலி, ஜி.எஸ்.டி. கணக்கு எழுதினால் அது அடுத்த நேர்காணலில் அனுபவமாகப் பேசும். பி.எட். முடித்த பெண் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதும் அப்படியே. உணவு டெலிவரிக்குப் போகிறவர்கள் பெட்ரோல், வண்டிப் பராமரிப்பு போகக் கையில் நிற்பதையே வருமானமாக எண்ணுங்கள். காலை ஒன்பது முதல் இரவு பத்துவரை நிற்க வேண்டிய வேலை என்றால், சம்பளம் சற்றுக் கூடுதலானாலும் யோசியுங்கள். படிக்கவும் விண்ணப்பிக்கவும் நேரமில்லாமல் போனால் பெற்றோர் அஞ்சியது நடந்துவிடும்.

இதில் நாமே செய்த ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டதாரிப் பிள்ளையை ஜவுளிக்கடை ஒன்றுக்குச் சிபாரிசு செய்தோம். அவர் வேறு வேலை தேடுவதை முதலாளியிடம் நாமும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பெருநாள் வியாபாரம் சூடு பிடித்த வாரத்தில் நல்ல வேலை ஒன்று கிடைத்து, மறுநாளே நின்றுவிட்டார். முதலாளி நம்மிடம் கோபிக்கவில்லை. ஆனால் அதன்பின் நாம் அனுப்பிய எந்தப் பிள்ளையையும் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருவர் மறைத்ததற்கு அடுத்து வந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

அதிலிருந்து சேரும் நாளிலேயே பேசிவிடச் சொல்கிறோம்: "நிரந்தர வேலை தேடுகிறேன். கிடைத்தால் 15 நாள் முன்பே சொல்லிவிட்டுப் போவேன். நேர்காணல் வந்தால் அரைநாள் விடுப்பு வேண்டும்." சிலர் வேண்டாம் என்பார்கள். சம்மதிக்கிற முதலாளியிடம் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

பெற்றோரும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. அசல் சான்றிதழ்களை எங்கும் கொடுத்து வைக்காதீர்கள், நகல் போதும். சம்பளத்தில் பெரிய தொகை அட்வான்ஸ் வாங்காதீர்கள். அது தீரும்வரை வெளியேற முடியாது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் வருங்கால வைப்பு நிதி பிடிப்பார்கள். அதற்கான யு.ஏ.என். எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். அடுத்த வேலையில் அதே எண்ணைக் கொடுத்துப் பழைய தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்கு மொத்தம் 10 ஆண்டு சேவை வேண்டும் என்பதால் சில மாத வேலையும் வீணில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேளுங்கள். குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கும்.

"இரண்டு லட்சம் கொடுங்கள், அரசு அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்த்துவிடுகிறோம், பிறகு பெர்மனென்ட் ஆகிவிடும்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். தற்காலிகமாகப் பல காலம் வேலை செய்ததால் மட்டும் நிரந்தரமாக்கக் கோரும் உரிமை வந்துவிடாது என்று உமாதேவி வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. போட்டித் தேர்வு எழுதுவதே நேர்வழி.

தேடுதல் நின்றுவிடாமல் இருக்க ஒரு ஒழுங்கு வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கின்றன. முகாம் வெள்ளிக்கிழமையில் வந்தால் காலையிலேயே போய் ஜும்ஆவுக்கு முன் முடித்துவிடலாம். அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சியும் உண்டு. அனுப்பிய விண்ணப்பங்களை ஒரு நோட்டில் தேதியுடன் குறித்து வாருங்கள். ஆறு மாதம் கழித்து அதை எடுத்துப் பாருங்கள். பக்கம் காலியாக இருந்தால், வேலை உங்களைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். அன்றே பெற்றோருடன் உட்கார்ந்து பேசுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உறவினர் வந்தால் "பையன் சும்மா கடையில்தான் நிற்கிறான்" என்று சொல்லாதீர்கள். அவன் கொண்டுவருவது ஹலாலான சம்பாத்தியம். அதைக் குறைத்துப் பேசினால் நாளை அவன் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவான்.

விண்ணப்பம் எழுதவோ பதிவைப் புதுப்பிக்கவோ உதவி தேவைப்பட்டால் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். ஆட்கள் தேவைப்படும் வியாபாரிகளும் தெரிவியுங்கள். இனி நாம் அனுப்பும் பிள்ளைகளின் நிலையை மறைக்காமல் சொல்லியே அனுப்புவோம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்