மாடு ஏப்பம் விடுவது ஏன்? தீவனம் அதை எப்படிக் குறைக்கும்?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை அடுத்த கெர்பாவ் சாலையின் பெயரில் உள்ள மலாய்ச் சொல்லுக்கு எருமை என்று பொருள். ஒரு காலத்தில் தொழுவங்களும் நல்லெண்ணெய்ச் செக்குகளும் நிறைந்திருந்த அந்த வட்டாரத்தில், அசைபோட்ட மாடுகளின் ஏப்பத்தோடு மீத்தேன் என்னும் வாயுவும் வெளியேறியது.

அது எங்கிருந்து வருகிறது? இரவில் இட்லி மாவு புளித்துப் பொங்குவதை நினைத்துப் பாருங்கள். மாட்டின் முதல் வயிறும் அத்தகைய பானையே.

அங்குள்ள நுண்ணுயிர்கள் வைக்கோலை நொதிக்க வைத்து, மாட்டுக்கு உணவாகும் அமிலங்களைத் தருகின்றன. அப்போது வெளிப்படும் ஹைட்ரஜனை வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் கரியமில வாயுவுடன் சேர்த்து மீத்தேனாக்குகிறது. பாலாகவும் சதையாகவும் மாற வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு இவ்வாறு காற்றில் கலப்பது, புவி வெப்பத்தைக் கூட்டுவதோடு மாடு வளர்ப்போருக்கும் நேரடி இழப்பாகிறது.

இங்கே துவர்ப்பு கைகொடுக்கிறது. வாழைப்பூவை மென்றால் நாக்கை இழுக்கச் செய்யும் டானின் என்ற பொருள், அந்த இரண்டாம் கூட்டத்தை அடக்குகிறது.

பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம், டானின் மிகுந்த தாவரங்களிலிருந்து உருவாக்கிய 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கை மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு வரை குறைக்கிறது. அளவு மீறினால் அதே டானின் புரதத்தைப் பிணைத்துச் செரிமானத்தைக் கெடுக்கும்.