அண்ணாமலை நகரிலிருந்து கிளம்பியவர்கள்

1977ஆம் ஆண்டு திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொதுச்செயலாளர் பொறுப்பை விட்டு இரா. நெடுஞ்செழியன் வெளியேறினார். அந்த இடத்துக்கு க. அன்பழகன் வந்தார். நாளிதழில் படித்தவர்களுக்கு அது ஒரு கட்சிக்குள் நடந்த பதவி மாற்றம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போனால், இருவருமே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் தமிழ் படித்த மாணவர்கள். ஒரே மேடைகளில் பேசிப் பழகியவர்கள்.

குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலிப் பக்கத்துக் குடும்பங்களில் "பையன் சிதம்பரத்துல படிக்கிறான்" என்றால், எந்த இடம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் இந்த வட்டாரத்தின் வீட்டுப் பேச்சில் அப்படி ஊறிப்போயிருக்கிறது. அங்கிருந்து பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகு ஒரு கூட்டம் மாணவர்களின் வாழ்க்கை எப்படியெல்லாம் பிரிந்து, எங்கெங்கே குறுக்கிட்டது என்பதற்கு 1940களின் தொடக்கத்தில் அங்கே படித்தவர்களைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் கிடைப்பது கடினம்.

மாணவர்கள் விடுதியிலேயே தங்கிப் படிக்கும் இடம் அது. வகுப்பு முடிந்தாலும் பேச்சு முடியாது. பேசுவதற்கு விஷயங்களும் நிறைய இருந்தன. பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்ற உத்தரவை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குப் பின், 1940இல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தது. 1941இல் தமிழிசை மாநாடு அந்த வளாகத்திலேயே கூடியது. கட்சி அரசியலும் விடுதி அறைகளுக்குள் நுழைந்திருந்தது. இந்தச் சூழலில்தான் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். நெடுஞ்செழியனின் தம்பி, கணிதம் படித்த சீனிவாசன், இரா. செழியன் ஆனார். பெயரை மாற்றிக்கொள்வது வீட்டுக்கும் ஊருக்கும் பதில் சொல்ல வேண்டிய காரியம். இருபது வயதையொட்டிய இளைஞர்கள் அதைத் துணிந்து செய்தார்கள்.

அதே வளாகத்தில் இவர்களுக்கு முன்னால் படித்த கே. பாலதண்டாயுதம் வேறு பாதையில் போனார். மாணவர் போராட்டத்துக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, கம்யூனிஸ்ட் இயக்கத்தில் முழுமூச்சாக இறங்கினார். நெல்லைச் சதி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுப் பல ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1971இல் கோவையிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். 1973 மே 31 அன்று டெல்லியில் நடந்த விமான விபத்தில் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலத்தோடு அவரும் இறந்துபோனார்.

மாணவராக இருந்த காலத்தில் அன்பழகன், தமக்கு இளையவரான கே.ஏ. மதியழகனோடு திருவாரூருக்குப் பேசப் போனார். அங்கே தமிழ் மாணவர் மன்றம் என்ற அமைப்பை நடத்திக்கொண்டிருந்தவர், பள்ளிப் படிப்பையே முடிக்காத ஓர் இளைஞர். அவர் பெயர் கருணாநிதி. பல்கலைக்கழக மாணவர்களை அழைத்துத் தன் விழாவில் பேசவைத்த அந்த இளைஞரின் தலைமையில்தான், பிற்காலத்தில் இந்தப் பட்டதாரிகள் பலரும் அமைச்சர்களாக இருக்கப்போகிறார்கள்.

பதவிகளைப் பட்டியல் போடுவது எளிது. ஆனால் பட்டம் வாங்கிய நாளுக்கும் முதல் தேர்தலுக்கும் நடுவில் இருக்கும் ஆண்டுகளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். அதிகம் பேசப்படாத காலம் அது. அன்பழகன் 1944இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்து, 1957 வரை அங்கேயே பாடம் நடத்தினார். கல்லூரி வேலையும் கட்சிப் பணியும் சேர்ந்தே ஓடின. 'பேராசிரியர்' என்று தமிழ்நாடு கடைசிவரை அவரை அழைத்தது அந்தப் பதின்மூன்று ஆண்டு உழைப்பால்தான். நெடுஞ்செழியனோ மேடையையே வாழ்வாக்கிக்கொண்டு 'நாவலர்' ஆனார். 'மன்றம்' இதழையும் நடத்தினார். 1949 செப்டம்பர் 17 அன்று தி.மு.க. பிறந்தபோது இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. கட்சி தேர்தலில் நிற்கவே மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. எம்.ஏ. படித்தவர்களுக்கு நிலையான வேலையும் நிம்மதியான சம்பளமும் கிடைக்கக்கூடிய காலத்தில், பலன் வருமா என்று தெரியாத ஒன்றுக்கு இளமையைக் கொடுத்தவர்கள் இவர்கள். அவர்களுடைய அரசியலை ஏற்காதவர்களும் அந்தத் துணிச்சலை மதிக்க வேண்டும்.

1957இல் தி.மு.க. பதினைந்து சட்டமன்ற இடங்களை வென்றது. கல்லூரி வேலையை விட்டிருந்த அன்பழகன் எழும்பூரில் ஜெயித்தார்.

1962இல் காஞ்சிபுரத்தில் கட்சியின் நிறுவனர் அண்ணா தோற்றார். ஐம்பது உறுப்பினர்களோடு சட்டமன்றத்துக்குள் போன கட்சிக்கு நெடுஞ்செழியன் தலைவரானார். எதிர்க்கட்சித் தலைவர் இருக்கை அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு தம்பி செழியன் பெரம்பலூரிலிருந்து மக்களவைக்குப் போனார்.

1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். தாங்கள் இளைஞர்களாக மொழிக்காகப் பேசித் திரிந்த மண்ணில் ஒரு மாணவர் விழுந்த செய்தி, அங்கே படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியபோது, தி.மு.க. ஆட்சியின் கல்வி அமைச்சர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரான நெடுஞ்செழியன்.

1969 பிப்ரவரி 3 அன்று முதல்வர் அண்ணா மறைந்தார். நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வரானார். ஒரே வாரத்தில், பிப்ரவரி 10 அன்று, முதல்வர் பதவி கருணாநிதிக்குப் போனது. அதன்பின் பழைய தோழர்களின் பாதைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது சபாநாயகர் மதியழகன் அவர் பக்கம் சாய்ந்தார். அந்த டிசம்பரில் சபாநாயகரும் துணை சபாநாயகரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து ஒரே அவையை நடத்த முயன்ற காட்சியைத் தமிழ்நாடு பார்த்தது. 1977இல் தி.மு.க.வை விட்டு விலகிய நெடுஞ்செழியன் மக்கள் தி.மு.க.வைத் தொடங்கி, பிறகு அ.தி.மு.க.வில் சேர்ந்தார். எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24 அன்று இரண்டாம் முறையாகத் தற்காலிக முதல்வர் ஆனார். இம்முறை இரண்டே வாரம்.

ஜெயலலிதாவின் 1991–96 ஆட்சியில் நெடுஞ்செழியன் நிதியமைச்சர். 2006–11இல் கருணாநிதி ஆட்சியில் நிதியமைச்சர் அன்பழகன். ஒரே வளாகத்தில் தமிழ் படித்த இருவர், எதிரெதிர் அணிகளில் நின்று, மாநிலத்தின் வரவுசெலவை ஆளுக்கொரு காலத்தில் கவனித்தார்கள். நெடுஞ்செழியன் 2000 ஜனவரி 12 அன்று காலமானார். அன்பழகன் 1977இல் ஏற்ற பொதுச்செயலாளர் பொறுப்பில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 2020 மார்ச் 7 அன்று மறைந்தார்.

இவர்களில் அதிகம் நினைக்கப்படாதவர் செழியன். கணிதம் படித்தவர் நாடாளுமன்றத்தில் அரசின் கணக்குகளைத் துருவிப் பார்ப்பவராக வளர்ந்தார். 1971 முதல் 1973 வரை பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தார். பின்னர் ஜனதா கட்சியின் மாநிலங்களவை உறுப்பினரானார். நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை காலப்போக்கில் கண்ணில் படாத ஆவணமாகிவிட்டிருந்தது. தம்மிடம் இருந்த பிரதியைக் கொண்டு அதை மறுபடி நூலாக வெளியிட்டார் செழியன். வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. பதவி எதுவும் இல்லை. அதிகாரம் கை மீறிய ஒரு காலத்தின் சாட்சியங்களை அடுத்த தலைமுறை படிக்க முடிகிறது என்றால், அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.