வீடு தேடி வரும் வைத்தியம்

"காப்பீட்டு அட்டை வாங்கியாச்சு, இனி என்ன கவலை?" என்று சொல்லும் சகோதரிகள் பலர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு உதவுகிற அட்டை. வீட்டில் வைத்துப் பார்க்கப் பிரஷர் மெஷின் வாங்கினால், அது நம் கைக்காசு!

அந்தக் குறைக்கு வழி செய்ததுதான் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நம்மைப் போன்ற ஒரு பெண்ணே தன்னார்வலராக வீட்டுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார், மாத்திரையும் தருவார். காசு கிடையாது. 2024-ல் இதற்கு ஐ.நா. பணிக்குழுவின் விருதும் கிடைத்தது.

கல்லங்குறிச்சி போன்ற ஊர்களில் ஒரு சங்கடம். அவர் வருகிற நேரம் நாம் பருத்திக்காட்டில் களையெடுத்துக் கொண்டிருப்போம். வீட்டிலிருக்கும் மாமியாருக்குப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மாமனார், மாமியார், வீட்டுக்காரர் எல்லோருடைய கணக்கும் நமக்கு மனப்பாடம். நம்முடையதைக் கேட்டால் முழிப்போம்! அவர் எந்தக் கிழமை வருவார் என்று விசாரித்து, அன்று அரைமணி தாமதமாகக் கிளம்புங்கள். கூலிக்காரர் காத்திருக்கட்டும்.

காப்பி குடித்த கையோடு பிரஷர் பார்க்கக் கூடாது, அரைமணி போகட்டும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்துக்கு வைத்து, பேசாமல் இருங்கள் (நமக்கு இதுதான் கஷ்டம்). வீட்டில் பார்க்கும்போது அடிக்கடி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கோ ஒருநாள் பார்த்ததைவிட இந்த நோட்டு டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

"தலைசுற்றல் ஒண்ணுமில்லே, நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பிரஷர் பெரும்பாலும் வலி காட்டாது. நல்லாயிருப்பதே மாத்திரையால்தான்! டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்துக் கொள்ளுங்கள்.

திடீரென்று முகம் கோணி, ஒரு கை மரத்து, பேச்சுக் குழறினால் மெஷினைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக் கொண்டு, அட்டையையும் நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.