மோதிரத்தை விற்றால் 5 மேட்ச்... பெண்ணைத் தாக்கினால் 6 மேட்ச்! அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலில் வீரர்களைத் தண்டிப்பது யார்?

அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் என்பது சாதாரண மாணவர் விளையாட்டு அல்ல. நம்ம ஊர் கால்பந்தும் அல்ல; நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, மோதி முன்னேறும் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 1 லட்சத்துக்கும் அதிகமானோர் உட்கார்ந்து பார்க்கலாம். பல மாகாணங்களில் அதிக சம்பளம் வாங்கும் அரசு ஊழியரே ஃபுட்பால் கோச்தான்!

இவ்வளவு பணமும் புகழும் புரளும் இடத்தில், 20 வயது நட்சத்திர வீரர் ஒருவர் தப்பு செய்தால் என்ன ஆகும்? இதைப் புரிந்துகொள்ள இரண்டு சம்பவங்கள் போதும்.

சம்பவம் 1: நெப்ராஸ்கா, 1995

நெப்ராஸ்கா அணியின் நட்சத்திர வீரர் லாரன்ஸ் பிலிப்ஸ். முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கில் 1995 செப்டம்பரில் கைதானார். முதலில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் 6 மேட்ச் முடிந்ததும் கோச் டாம் ஆஸ்போர்ன் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

'ஆதரவு இல்லாமல் வளர்ந்த பையன். ஃபுட்பாலையும் பறித்துவிட்டால் இன்னும் மோசமாகிவிடுவான்' என்பதுதான் கோச் தரப்பு நியாயம். 1996 ஜனவரி 2-ல் ஃபியஸ்டா பௌல் இறுதி ஆட்டத்தில் பிலிப்ஸ் களமிறங்கினார். ஃப்ளோரிடாவை 62-24 என வீழ்த்தி நெப்ராஸ்கா சாம்பியன் ஆனது.

ஆனால் அந்த இரண்டாவது வாய்ப்பு பிலிப்ஸைக் காப்பாற்றவில்லை. பின்னாளில் வேறு தாக்குதல் வழக்குகளில் நீண்ட சிறைத் தண்டனை பெற்றவர், 2016-ல் சிறையிலேயே உயிரிழந்தார்.

சம்பவம் 2: ஒஹையோ ஸ்டேட், 2010

இங்கே 5 வீரர்கள் சிக்கினார்கள். அவர்கள் செய்தது? தாங்கள் ஜெயித்து வாங்கிய மோதிரம், ஜெர்சி போன்றவற்றை விற்றார்கள். டாட்டூவைச் சலுகையில் குத்திக்கொண்டார்கள். விளையாட்டுப் புகழை வைத்து வீரர்கள் சம்பாதிக்கக் கூடாது என்பது அன்றைய விதி. கல்லூரி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, அடுத்த சீசனில் 5 மேட்ச் சஸ்பெண்ட் என்றது. ஆனால் சில நாட்களில் வரவிருந்த சுகர் பௌல் ஆட்டத்தில் மட்டும் விளையாட அனுமதித்தது!

விஷயம் முன்கூட்டியே தெரிந்தும் மறைத்த கோச் ஜிம் ட்ரெஸல், 2011 மே மாதம் பதவி விலகினார். 2012-ல் ஒஹையோ ஸ்டேட் அணி 12 மேட்ச்சிலும் ஜெயித்தது. ஆனாலும் தடை காரணமாக இறுதிக்கட்டப் போட்டிகளில் ஆட முடியவில்லை. அதாவது, அந்தத் தப்பில் சம்பந்தமே இல்லாத வீரர்களும் விலை கொடுத்தார்கள்.

சிக்கல் எங்கே இருக்கு?

என்.சி.ஏ.ஏ.வின் கவனம் பெரும்பாலும் பணம், படிப்பு, வீரர் சேர்க்கை மீதுதான். வன்முறை போன்ற குற்றங்களில் வீரர் ஆடலாமா, வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் பல்கலைக்கழகத்திடமும் கோச்சிடமும் விடப்பட்டது. வெற்றி பெற்றால்தான் கோச்சுக்கு வேலை நிலைக்கும். வெற்றிக்கு அந்த வீரர் வேணும். அப்புறம் எப்படி அவர் நடுநிலையான நீதிபதியாக இருக்க முடியும்?

இதன் விபரீதம் டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளிப்பட்டது. வீரர்கள் மீதான புகார்களை ஃபுட்பால் தரப்பே உள்ளுக்குள் கையாண்டதை, வெளியிலிருந்து வந்த சட்ட நிறுவனத்தின் விசாரணை கண்டறிந்தது. கோச் ஆர்ட் பிரைல்ஸும், பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரும் பதவி இழந்தனர்.

என்ன மாறியது?

* 2015: பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை போன்றவற்றுக்காக வேறு கல்லூரியில் நீக்கப்பட்ட வீரர்களைச் சேர்க்க எஸ்.இ.சி. கூட்டமைப்பு தடை விதித்தது.
* 2017: பாலியல் வன்முறைப் பின்னணி கொண்டவர்களை அணிகளில் சேர்ப்பதில்லை என இண்டியானா பல்கலைக்கழகம் அறிவித்தது.
* 2021 ஜூலை: வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்து சம்பாதிக்கலாம் என்றானது. ஒஹையோ வீரர்களைத் தண்டித்த விதியின் அடிப்படையே ஆட்டம் கண்டது!
* 2025: கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்ற ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது.

இப்போதைய சவால்

முன்பு கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். இப்போது அந்தத் தடை இல்லை. கோச் கண்டித்தால், வீரர் உடனே வேறு அணிக்குக் கிளம்பிவிடலாம். நட்சத்திர வீரரை அள்ளிக்கொள்ள இன்னொரு கோச் தயாராகவே இருப்பார்.

பயிற்சிக்கு லேட்டாக வந்தால் கூடுதலாக ஓட வைப்பது, ஒரு மேட்ச்சில் பெஞ்சில் உட்கார வைப்பது... இதெல்லாம் கோச்சின் வேலை. ஆனால் ஒருவர் காயப்பட்டிருக்கிறார், ஒரு பெண் புகார் கொடுத்திருக்கிறார் என்றால், அந்த முடிவு ஸ்கோர்போர்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத ஒருவரின் கையில் இருக்க வேண்டும். அடுத்த முறை 'நட்சத்திர வீரர் மீண்டும் அணியில்' என்று செய்தி வந்தால், அந்த முடிவை எடுத்தது யார் என்று முதலில் பாருங்க!