யாரிடமும் சொல்லாதே!

ஊரில் இருக்கும் ஆச்சியின் மருந்துச் செலவுக்கு அனுப்பும் பணம் முன்பு அஞ்சலகப் பணவிடையாகச் செல்லும். போய்ச் சேரப் பல நாள்கள் ஆகும். 2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை அறிமுகமான பின், டெல்லியிலிருந்தோ புணேயிலிருந்தோ அனுப்பும் பணம் சில நொடிகளில் ஆச்சியின் கணக்கை அடைந்துவிடுகிறது. இந்த விரைவு மோசடிக்காரர்களுக்கும் வாய்ப்பாக அமைந்தது. தவறான கைக்குச் சென்ற பணத்தை அனுப்பியவர் தாமாகத் திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது.

இத்தகைய மோசடிகளில் பெரும்பாலானவற்றில் வங்கியின் கணினி உடைக்கப்படுவதில்லை. பணத்துக்கு உரியவரே தம் கையால் எண்களை அழுத்திப் பணத்தை அனுப்பிவிடுகிறார். அவர் ஏன் அனுப்புகிறார் என்பதை அறிந்துகொண்டால் பாதி ஆபத்து நீங்கும்.

பணிமாற்றல் ஆணை வந்ததும் பழைய கட்டிலையும் மிதிவண்டியையும் விற்க இணையத்தில் விளம்பரம் செய்யும் குடும்பங்கள் பல. விளம்பரம் வெளியான சிறிது நேரத்தில் ஒருவர் அழைப்பார். தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகக் கூறுவார். கேட்ட விலைக்கு உடனே ஒப்புக்கொள்வார். (பழைய கட்டிலைப் பேரம் பேசாமல் வாங்குபவரை எந்தச் சந்தையிலும் காண்பது அரிது, அங்கேயே ஐயம் எழ வேண்டும்.) பின்னர், "முன்பணம் அனுப்புகிறேன். இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணை அழுத்துங்கள், பணம் வந்துவிடும்" என்பார். அழுத்தியதும் பணம் வராது, போய்விடும். யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. பணவிடை கொண்டுவரும் அஞ்சல்காரரிடம் யாரும் பெட்டகத்தின் சாவியைக் கொடுப்பதில்லை அல்லவா? இரகசிய எண் அந்தச் சாவி போன்றது. பணம் வெளியே செல்வதற்கு அது வேண்டும்.

மேற்கண்டது ஆசையைத் தூண்டும் மோசடி. அச்சத்தைத் தூண்டும் மோசடி இதனினும் கொடியது. அதற்கு 'டிஜிட்டல் கைது' என்று பெயர். "உங்கள் பெயரில் அனுப்பப்பட்ட பொதியில் போதைப்பொருள் இருந்தது" என்றோ, "உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு வாங்கிய சிம் அட்டை குற்றத்துக்குப் பயன்பட்டது" என்றோ ஓர் அழைப்பு வரும். சற்று நேரத்தில் அது காணொளி அழைப்பாக மாறும். சீருடை அணிந்த ஒருவர் திரையில் தோன்றுவார்; அவருக்குப் பின்னால் காவல் நிலையம் போன்ற காட்சி தெரியும். முத்திரையிட்ட பிடியாணையும் வந்து சேரும். "விசாரணை முடியும்வரை கேமராவை அணைக்காதே. வீட்டில் உள்ளவர் உட்பட யாரிடமும் சொல்லாதே. கணக்கில் உள்ள பணத்தைச் சரிபார்ப்புக்காக நாங்கள் கூறும் கணக்குக்கு மாற்று" என ஆணைகள் தொடரும்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என ஒன்று இல்லவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, கைது எவ்வாறு நடைபெற வேண்டும் என விரித்துரைக்கிறது. கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும். கைது குறித்த ஆவணத்தில் குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரியவர் ஒருவரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். கைது பற்றி உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் ஆணை. உண்மையான சட்டம் வீட்டாரைச் சாட்சியாக அழைக்கிறது. மோசடிக்காரன் வீட்டாரிடம் மறைக்கச் சொல்கிறான். இருவரையும் பிரித்தறிய இந்த ஒரு வேறுபாடே போதுமானது.

படிக்காதவர்களே ஏமாறுவர் என்று எண்ணுவது பிழை. 2024 ஆகஸ்டில் பஞ்சாப் மாநிலம் லூதியானாவைச் சேர்ந்த 82 வயதுத் தொழிலதிபர் ஒருவரிடம் மோசடிக் கும்பல் 7 கோடி ரூபாயைப் பறித்தது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடப்பதாகவே போலியாக ஒரு காணொளிக் காட்சியை நடத்தி அவரை நம்பவைத்தனர். யாரிடமும் சொல்லக் கூடாது என்ற தடையை மீறித் தம் நிறுவனத்தின் மூத்த அலுவலர் ஒருவரிடம் அவர் கூறிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. காவல்துறையிடம் புகார் சென்றது. 5 கோடிக்கும் மேற்பட்ட தொகை மீட்கப்பட்டது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் மற்றோர் இடர் உண்டு. அழைப்பு இந்தியில் வரும். 'கிரஃப்தாரி', 'ஜாஞ்ச்' போன்ற சொற்கள் செவியில் விழுந்ததும், சந்தை இந்தி மட்டுமே அறிந்த தாய் திகைத்து, பள்ளியில் இந்தி பயிலும் மகளிடமோ மகனிடமோ கைப்பேசியைக் கொடுப்பார். அந்நேரத்தில் மொழிபெயர்ப்பதைவிட இணைப்பைத் துண்டிப்பதே பிள்ளை செய்யத்தக்க உதவி. பெரியவர் பேசும்போது இடையில் துண்டிப்பது மரியாதையன்று என்னும் தயக்கம் இங்கு வேண்டியதில்லை. அழைத்தவர் உண்மையான அதிகாரிதானா என ஐயம் இருப்பின், அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் பெற்றோர் நேரில் சென்று கேட்கலாம். ஊரில் தனித்திருக்கும் தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் இதனைத் தமிழில் விளக்கிச் சொல்ல, வாரந்தோறும் அவர்களுடன் பேசும் பேரப்பிள்ளைகளைவிடத் தக்கவர் யார்?

பணம் போய்விட்டால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் இதுவே உதவி எண். புகார் பதிவானதும், பணம் சென்றடைந்த வங்கிக்குச் செய்தி பறக்கும். தொகை அக்கணக்கில் இன்னும் இருந்தால் முடக்கப்படும். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. பிறரிடம் வாடகைக்குப் பெற்ற பல கணக்குகளுக்கு அதனைச் சிதறடித்து, பின்பு ரொக்கமாக எடுத்துவிடுகின்றனர். சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கை இவ்வாறு வாடகைக்கு விடும் கல்லூரி மாணவர்களும் வழக்கில் சிக்குகின்றனர்.

ஏமாந்தவர் வெட்கத்தால் இரண்டு நாள் மறைத்து வைப்பதால்தான் பெரும்பாலும் பணம் கைநழுவிப் போகிறது. 1930ஐ அழைப்பதுடன் வங்கிக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு வகுத்த விதியின்படி, இரகசிய எண்ணைத் தாமே கூறி ஏமாந்தவர், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேரும் இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். தெரிவித்த பின்னர் நேரும் இழப்புக்கு வங்கியே பொறுப்பு. புகார் அளிக்கும்போது பணம் சென்ற நாள், நேரம், தொகை, குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவை தேவைப்படும். ஆகவே அச்சத்தினாலோ சினத்தினாலோ அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடக் கூடாது.