பின்கோடு 601201

கும்மிடிப்பூண்டியின் பின்கோடு 601201 ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த முழு எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது. சிப்காட் வளாகத்தில் லாரி ஏறும் பெட்டிகளின் முகவரிச் சீட்டில் அன்றாடம் அச்சாகும் ஆறு இலக்கங்கள் இவை. 1972 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய பின்கோடு முறை ஊரைத்தான் குறிக்கிறது. எண் பகா எண்ணாக அமைந்தது தற்செயல்.

அண்டை ஊர்களுக்கு இந்தப் பேறு வாய்க்கவில்லை. மீஞ்சூரின் 601203-இல் இலக்கங்களைக் கூட்டினால் 12. ஆகவே 3-ஆல் வகுபடும். பொன்னேரியின் 601204 இரட்டை எண். மாவட்டத் தலைநகரான திருவள்ளூரின் 602001-க்குக் கூட்டுத்தொகை 9. அது 9-ஆலேயே வகுபட்டுவிடும். இந்த அளவுள்ள எண்களில் சராசரியாகப் பதின்மூன்றில் ஒன்றுதான் பகா எண்.

601201-இன் வர்க்கமூலம் 775-ஐச் சற்றே தாண்டும். இரண்டு எண்களின் பெருக்கலாக அது உடையுமானால், அவற்றில் சிறியது 775-க்கு மேல் போக வழியில்லை. அதற்குள் இருக்கும் பகா எண்கள் 2 முதல் 773 வரை மொத்தம் 137. அவற்றால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 7-ஆல் வகுத்தால் மீதி 6, 11-ஆல் 7, 13-ஆல் 3. 167-இல்தான் மயிரிழையில் தப்புகிறது: 3600 தடவை போய் மீதி 1 நிற்கிறது. கடைசியாக 773; மீதி 580.

இந்த எண்ணின் அழகு வேறோர் இடத்தில் இருக்கிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண் எதுவும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே ஒரு விதத்தில் மட்டும் எழுத இடம் தரும். ஃபெர்மா 1640-இல் சொன்னதை, நூறாண்டுக்கும் மேல் கழித்து ஆய்லர் நிரூபித்தார். 601201-க்கு அந்த இரண்டு வர்க்கங்கள் 775-உடையதும் 24-உடையதும்: 600625 + 576. இதிலிருந்தே ஒரு செங்கோண முக்கோணமும் கிடைக்கிறது. கர்ணம் 601201; மற்ற பக்கங்கள் 37200, 600049. முழு எண் பக்கங்களோடு இந்தக் கர்ணத்துக்கு வேறு முக்கோணம் கிடையாது.

இணையப் பாதுகாப்பில் பயன்படும் ஆர்எஸ்ஏ முறைக்கு முந்நூறு இலக்கப் பகா எண்கள் தேவை. அங்கே வகுத்துப் பார்க்கும் வழி எந்தக் கணினியிலும் முடியாது. காரணிகளைத் தேடாமலே, எந்த எண்ணையும் பகா எண்ணா என்று சந்தேகமறவும் ஏற்கத்தக்க நேரத்திலும் தீர்மானிக்கும் முறையை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள். கணிதக் கோட்பாட்டில் அது பெரிய வெற்றி. நடைமுறையில் கணினிகள் இன்னும் வேகமான மில்லர்-ராபின் சோதனையையே நாடுகின்றன.

பின்கோட்டுக்கு நோட்டும் பேனாவும் போதும். சொந்த ஊர் எண்ணைச் சோதிக்க நினைப்பவர்கள் முதலில் கடைசி இலக்கத்தைப் பார்க்கலாம். அது 1, 3, 7, 9 இவற்றில் ஒன்றாக இல்லாவிட்டால் மேற்கொண்டு வகுக்க வேண்டியதில்லை.