கோவணமும் கௌரவமும்

“அம்மணமான ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன்” என்பது பழமொழி. இன்றைக்கு வெளியூரில் வளரும் நம்ம குழந்தைகளிடம் கோவணம் என்று சொன்னாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஏழ்மைக்கும் கேலிக்கும் அடையாளமாகிவிட்ட இந்தத் துண்டுத் துணிக்கு நம் மரபு கொடுத்த மரியாதை சாமானியமானதல்ல.

பெரியபுராணத்தில் வரும் அமர்நீதி நாயனார் பழையாறை வணிகர். சிவனடியார்களுக்குக் கீளும் கோவணமும் கொடுப்பதே அவருடைய தொண்டு. கீள் என்றால் கோவணத்தைத் தாங்க இடுப்பில் கட்டும் துணிப்பட்டை. திருநல்லூரில் பிரம்மச்சாரியாக வந்த சிவபெருமான் அவரிடம் ஒரு கோவணத்தைக் கொடுத்துவைத்து, அதை மறையச் செய்து, தம்மிடமிருந்த இன்னொரு கோவணத்தின் எடைக்கு ஈடு கேட்டார். உள்ள பொருளெல்லாம் வைத்தும் தராசு நிமிரவில்லை. கடைசியில் மனைவி, மகனோடு நாயனாரே தட்டில் ஏறினார். ஒரு கோவணத்துக்கு ஒரு குடும்பமே ஈடு!

பழனியாண்டவரின் ஆண்டிக்கோலமும் இதுதான். 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்த ரமண மகரிஷி வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டார். கடைசிவரை அதுவே அவர் உடை.

எங்கள் கல்பாத்தியில் ஆற்றங்கரைப் படிகளில் பெரியவர்கள் கோவணத்தோடு குளிப்பது ஒரு காலத்தில் தினப்படிக் காட்சி. மலையாளத்தில் இதற்குக் கோணகம் என்று பெயர். அக்ரஹாரத்துப் பையனுக்குப் பூணூல் கல்யாணத்தன்று இடுப்பில் மௌஞ்சிப் புல்கயிறும் கௌபீனமும் கட்டுவார்கள். அந்தச் சடங்கு மும்பையிலும் நடக்கிறது. ஆனால் நான் போன சில விசேஷங்களில் பையன் ஜட்டிக்கு மேலேயே கௌபீனத்தைச் சுற்றிக்கொண்டு நின்றான். கட்டிவிடத் தெரிந்தவர் வீட்டில் யாருமில்லை.

தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. மெல்லிய பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து, நீளவாட்டில் ஒரு சாண் அகலத்துக்குக் கிழிக்கவும். இரண்டு முழ நீளம் போதும். பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். ஒரு முனையைப் பின்பக்கம் அரைஞாணில் செருகி, கால்களுக்கிடையே முன்னால் கொண்டுவந்து, கயிற்றுக்கு உள்ளே நுழைத்து, மேலே எடுத்து முன்னால் தொங்கவிட வேண்டும். இறுக்கமும் வேண்டாம், தொளதொளப்பும் வேண்டாம். துணியில் முடிச்சே கிடையாது; உட்கார்ந்தால் உறுத்தாது, வியர்வை தங்காது, நொடியில் உலர்ந்துவிடும்.

ஜப்பானியரின் ‘ஃபுண்டோஷி’ நம் கோவணத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். அதில் ‘எச்சூ’ என்ற வகை சுமார் ஒரு மீட்டர் துணி. ஒரு முனையிலேயே நாடா தைத்திருக்கும். நாடாவை முன்னால் முடிந்து, பின்னால் தொங்கும் துணியைக் கால்வழியே கொண்டுவந்து நாடாவுக்குள் நுழைத்துத் தொங்கவிடுவார்கள். நம்ம கீளும் கோவணமும் ஒன்றாய்த் தைத்தது போல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் ஜட்டி வந்து அதை ஓரங்கட்டியது. ஆனாலும் ஃபுகுவோகா நகரில் ஜூலை மாதம் நடக்கும் ஹகாதா கியோன் யமகாசா விழாவில், சுமார் ஒரு டன் எடையுள்ள சப்பரங்களை ஆண்கள் கோவணக்கட்டோடுதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜப்பானியத் தேர்விழாக்களில் இதுவும் ஒன்று. அங்கே யாரும் வாயைப் பொத்திச் சிரிப்பதில்லை. ‘தெனுகுயி’ என்ற சாயமிட்ட கைத்துண்டில், பூவும் அலையும் தெரியும்படி ஃபுண்டோஷி தைத்துக்கொள்பவர்களும் உண்டு.

நாமும் செய்யலாம். கடுக்காய்ப்பொடி கரைத்த நீரில் சிறிது பால் சேர்த்துத் துணியை நனைத்துக் காயவைக்கவும். துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்தால் கலம்காரிக்காரர்களின் கறுப்பு மை கிடைக்கும். மூங்கில் குச்சியில் துணி சுற்றி, அந்த மையைத் தொட்டு வரைந்தால் கோடு கறுத்துப் பிடிக்கும். பால் இருப்பதால் மை பரவாது. இந்த மை நாளாவட்டத்தில் துணியை அரிக்கும். ஆகவே முன்னால் தொங்கும் முனையில் மட்டும் வரைந்து, நன்றாக அலசவும். மஞ்சளில் நனைப்பது மங்களம். ஆனால் வெயிலில் வெளுக்கும், சோப்புப் பட்டால் சிவக்கும்.

அடுத்த பூணூலுக்குப் பாட்டி ஒரு புள்ளிக்கோலம் வரைந்து தரட்டும். தாத்தா கட்டிக் காட்டட்டும். கையால் கற்றதை எந்தப் பிள்ளையும் கேலி செய்யாது.